ஃப்ரெண்டுக்கு 60,000-க்குள்ள கேமிங் பிசி, கடைல குடுத்த கொட்டேஷன் சரியானு பாத்து சொல்லுங்க (2024-ல போட்ட போஸ்ட், வெலையெல்லாம் அப்ப இருந்தது)

கரிசல்_மாரி:

எல்லாருக்கும் வணக்கம், நான் கோவில்பட்டி. என் ஃப்ரெண்டு ஒருத்தன் சிவகாசில ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்கான், ஆறாப்புல இருந்து ஒண்ணா படிச்சவன். சின்ன வயசுல இருந்தே அவனுக்கு சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு ஆசை, ப்ளஸ் டூ முடிச்ச கையோட வேலைக்கு போயிட்டான், அப்புறம் தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு காங்கிரீட் போடுறதுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. ஆடிப்பெருக்குக்கு புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்கல்ல, அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ராத்திரி பகலா ஓவர்டைம் பாத்தான், அந்த காசும் ஏலச்சீட்டு எடுத்த காசும் சேத்து 60,000 தனியா எடுத்து வச்சிருக்கான். மானிட்டர் கீபோர்டு மவுஸ் எல்லாமே இதுக்குள்ள வந்தாகணும், ஏன்னா அவன்கிட்ட எதுவுமே கெடையாது.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன்கறதால "நீயே பாத்து வாங்கிக் குடுடா, எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு மொத்த பொறுப்பையும் என்கிட்ட விட்டுட்டான். எனக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியும், பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணது கெடையாது. அவன் காசு ஒரு ரூவா வீணாப் போனாலும் எனக்கு தூக்கம் வராது, அதான் கேக்கேன்.

பக்கத்துல ஒரு கடைல கேட்டதுக்கு இப்படி எழுதிக் குடுத்தாங்க: கோர் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி ஸ்டோரேஜ், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட்டு எரியுற கேபினட், 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு மவுஸ் ஃப்ரீ, எல்லாம் சேத்து 38,000. அவன் உடனே "ஐ7-டா, 22,000 மிச்சம்டா, அம்மாவுக்கு ஒரு வாஷிங் மிஷின் எடுத்துரலாம்டா"ன்னு சந்தோஷத்துல குதிக்கான். எனக்குத்தான் மனசு ஒப்பல, இவ்வளவு கம்மியா எப்படின்னு. திரும்பவும் போய் விசாரிச்சதுல ப்ராசஸர் ஐ7 3770, எச்61 மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730-ன்னு சொன்னாங்க. இது ஓகேவா?

வெளையாட நெனைக்கது வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, இந்த கடைசி கேம் வீடியோவா மட்டும் யூட்யூப்ல எத்தன தடவ பாத்திருப்பான்னு கணக்கே இல்ல. கேம் போக கோரல் ட்ரா பழகி வீட்ல இருந்தே கல்யாணப் பத்திரிக்கை, நோட்டீஸ் டிசைன் பண்ணலாம்னும் ஒரு யோசனை வச்சிருக்கான்.

மதுரை_மல்டிமீட்டர்:

தம்பி, அந்த கடைல அட்வான்ஸ் எதுவும் குடுத்துறலையே? குடுக்கலேன்னா இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க.

ஐ7 3770 நல்ல ப்ராசஸர்தான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா அது 2012-ல வந்தது. கடைல "ஐ7"-ன்னு மட்டும் சொல்லி நிப்பாட்டிருவாங்க, அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர்தான் விஷயமே. 3-ல ஆரம்பிச்சா மூணாவது தலைமுறை, 12-ல ஆரம்பிச்சா பன்னெண்டாவது. இப்ப வர்ற ஐ3 12100 கூட அந்த ஐ7-அ தாராளமா தாண்டிரும், ரெண்டுலயும் 4 கோர் (கணக்கு போடற மூளை) 8 த்ரெட்தான் (ஒரே நேரத்துல பாக்கற வேலை), ஆனா நடுவுல பத்து வருஷ வித்தியாசம் இருக்கு. அப்புறம் அந்த ப்ராசஸர் ஏதோ ஒரு ஆபீஸ்ல பத்து வருஷம் ஓடி கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர்ல இருந்து உருவுனதா இருக்கும், எச்61 போர்டு மட்டும் பேர் தெரியாத கம்பெனி புதுசா பண்ணி விக்கிறது, ராமும் பழைய டிடிஆர்3 வகை. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாவது தலைமுறைக்கு கீழ சப்போர்ட் கெடையாது, விண்டோஸ் 10-க்கு அப்டேட் 2025 அக்டோபர் வரைக்கும்தான். அப்ப இன்னிக்கு வாங்கி அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?

ஜிடி 730 அதவிட மோசம். 4 ஜிபிங்கறது மெமரியோட அளவு, கார்டோட வேகம் இல்ல. சின்ன டீக்கடைல பெரிய அண்டா வாங்கி வச்சா டீ வேகமா வந்துருமா, அடுப்பு சின்னதுதான? 2014-ல மானிட்டர் கனெக்ஷன் குடுக்கறதுக்காக வந்த கார்டு அது, ரெட் டெட்லாம் அதுல ஓடவே ஓடாது.

வாஷிங் மிஷின் ஆசை புரியுது, ஆனா இந்த 38,000 போட்டா ஆறு மாசத்துல பையன் மறுபடி காசு சேக்க ஆரம்பிக்கணும். மத்தவங்க பார்ட்ஸ் சொல்லுவாங்க, நான் கரண்டு விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், அதுல எனக்கு சொல்ல நெறைய இருக்கு.

கோவை_ஃப்ரேம்:

மாரிங்ணா, 60-க்கு மானிட்டரோட சேத்தே நல்லா பண்ணலாங்க, பயப்படாதீங்க. மொதல்ல கிராபிக்ஸ் கார்ட முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி தன்னால வந்துரும். மூணுல ஒரு பங்கு காசு அதுக்கே போனாலும் தப்பில்லீங்க.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 2021 கடைசில வந்த கார்டு, ஆனா இந்த வெலைல இன்னும் அதுக்கு சரியான போட்டி இல்ல. நான் போன மாசம் என் மச்சானுக்கு 20,000-க்கு எடுத்தேன். ஃபுல் எச்டி மானிட்டர்ல ரெட் டெட் நல்ல செட்டிங்ஸ்ல செகண்டுக்கு 60 ஃப்ரேமுக்கு மேல போகும், ஜிடிஏ 5-லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. 132 வாட்ஸ்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் ஒயர் போதும். கடைல என்விடியாதான் பெஸ்ட்டுன்னு ஆர்டிஎக்ஸ் 3050 எடுத்து நீட்டுவாங்க, அதுல ரெண்டு வகை இருக்குங்க, பழைய 8 ஜிபி ஒண்ணு, 2024-ல வந்த 6 ஜிபி ஒண்ணு, பேர் ரெண்டுக்கும் ஒண்ணுதான் ஆனா 6 ஜிபில உள்ள இருக்கற கோரே கம்மி. ரெண்டுமே 6600-க்கு பின்னாடிதான். ப்ளெண்டர் மாதிரி 3டி வேலை செய்யறவங்கன்னா என்விடியா எடுன்னு நானே சொல்லுவேன், கோரல் ட்ராவுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ன்னு ஒண்ணு 13,000, 14,000-க்கு காட்டுவாங்க, பேர பாத்து ஏமாந்துராதீங்க, 4 ஜிபிதான், போர்டோட பேசறதுக்கும் நாலே நாலு லேன்தான் (டேட்டா போற பாதை) அதுக்கு, பழைய போர்டுல போட்டா ரொம்ப தடுமாறும்.

ப்ராசஸர் ஐ3 12100எஃப் 8,200, எச்610 போர்டு 5,900, 8 ஜிபி ரெண்டு ராம் 3,400, கார்டு 20,000, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,300, எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்டு குடுக்கற டப்பா) 550 வாட்ஸ் ப்ரான்ஸ் 4,300, முன்பக்கம் வலை வச்ச கேபினட் 2,900, 24 இன்ச் ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் 7,800, கீபோர்டு மவுஸ் 1,200. கூட்டுனா 59,000 வருதுங்க. ஊருக்கு ஊர் ஐநூறு ஆயிரம் முன்ன பின்ன இருக்கும்.

பைப்பாஸ்_ராஜா:

எதுக்கு ப்ரோ 20,000 போட்டு புது கார்டு, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி செகண்ட் ஹேண்ட்ல 6,000-க்கு கெடைக்குது, நான் ரெண்டு வருஷமா ஓட்டுறேன் ஒரு பிரச்சனையும் இல்ல. மிச்ச காசுக்கு வாஷிங் மிஷினும் வந்துரும்.

நிலா_பில்ட்ஸ்:

ராஜா, உங்களுக்கு நல்ல கார்டு அமைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா இது மாரிக்கே புது வேலை, அவர் ஃப்ரெண்டுக்கு மொத கம்ப்யூட்டர், கார்டு நட்டுக்கிட்டா ரெண்டு பேர்ல யாருக்கும் ரிப்பேர் பாக்கத் தெரியாது. வெளில சுத்துற 580-ல பாதிக்கு மேல கிரிப்டோ மைனிங்ல நாள் முழுக்க ஓடுனது, தெர்மல் பேட் காஞ்சு ஃபேன் தேஞ்சு போய்த்தான் கைக்கு வரும். "580 2048எஸ்பி"-ன்னு ஒண்ணு வருது, அது பேருக்குத்தான் 580, உள்ள 570-க்கு சமம். 185 வாட்ஸ் இழுக்கும், ஏஎம்டியும் அந்த தலைமுறைக்கு ட்ரைவர் அப்டேட்ட கொறைச்சிட்டாங்க. தெரிஞ்சவங்க நேர்ல ஓட்டிக் காட்டி குடுத்தா ஒரு அவசரத்துக்கு வாங்கலாம், ஓவர்டைம் பாத்து சேத்த காச அதுல போடச் சொல்ல எனக்கு மனசு வரல.

கோவை அண்ணா சொன்ன லிஸ்ட்ல கார்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் அப்படியே சரி. ப்ராசஸர்ல மட்டும் எனக்கு வேற அபிப்ராயம். 12100எஃப்-ல 4 கோர்தான், இன்னிக்கு வேலரண்டுக்கு போதும், நல்லாவே ஓடும், ஆனா புதுசா வர்ற கேம்ஸ் ஆறு கோர் எதிர்பாக்குது, பின்னாடி டிஸ்கார்டு, ப்ரவுசர், கோரல்னு தொறந்து வச்சிருந்தா 4 கோர் முட்டும், அந்த மாதிரி நேரத்துல ஆவரேஜ் ஃப்ரேம் நம்பர் நல்லா தெரிஞ்சாலும் நடுவுல நடுவுல திக்கும் பாருங்க, அதுதான் வெளையாடுறப்ப கடுப்பேத்தும். ரைசன் 5 5600 எடுங்க, 6 கோர் 12 த்ரெட், 32 எம்பி கேஷ் (ப்ராசஸர் உள்ளயே இருக்கற வேக மெமரி), பாக்ஸ்லயே கூலர் வரும், 11,200 கிட்ட. பி450எம் போர்டு 6,000-க்கு வாங்கி எஸ்எஸ்டிய மட்டும் 1 டிபில இருந்து 500 ஜிபியா கொறைச்சா, அது 3,200, கரெக்டா 60,000-ல நிக்கும். எஸ்எஸ்டி எப்ப வேணா இன்னொண்ணு சேத்துக்கலாம், ப்ராசஸர் மாத்தறது அப்படி ஈஸி இல்ல.

5600-ன்னு கேக்கறப்ப கவனம், கடைல 5500, 5600, 5600ஜி மூணையும் ஒரே மாதிரி பேசுவாங்க. 5500-லயும் 5600ஜி-லயும் கேஷ் பாதிதான், 16 எம்பி, கேமுக்கு அந்த கேஷ்தான் முக்கியம். இன்னொண்ணு, ட்ரே ப்ராசஸர்னு அட்டைப்பெட்டி இல்லாம கவர்ல போட்டு ஆயிரம் ரூவா கம்மியா தருவாங்க, கூலர் இருக்காது, கம்பெனி வாரண்டியும் இருக்காது, கடைக்காரர் வாரண்டி மட்டும்தான். பாக்ஸ்ல சீல் ஒடையாம வாங்குங்க, மூணு வருஷ வாரண்டி. பி450 போர்டு இந்த ப்ராசஸர்க்கு முன்னாடி வந்தது, அதனால பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிருக்கான்னு கடைலயே கேட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்க, இல்லேன்னா வீட்டுக்கு கொண்டு வந்து ஆன் பண்ணா வெறும் கருப்பு ஸ்கிரீன்தான் வரும், போர்டு போச்சுன்னு நெனைச்சு அழுதுட்டு உக்காருவீங்க, என் மொத பில்டுல எனக்கு அதுதான் நடந்துச்சு.

கரிசல்_மாரி:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும், ராத்திரி ஒக்காந்து எல்லாத்தையும் அவனுக்கு போன்ல படிச்சுக் காட்டுனேன். ஐ7 கத கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, "நல்ல வேளைடா"ன்னு மட்டும் சொன்னான். இன்னொரு சந்தேகம், என் ஆபீஸ்ல ஒரு அண்ணன், இப்ப கார்டே வாங்காம 5600ஜி போட்டு ஓட்டு, அடுத்த வருஷம் கார்டு வாங்கிக்கலாம், 60,000-ம் ஒரே நேரத்துல போட வேண்டாம்னு சொல்லுதார். அதுவும் நியாயமாத்தான் படுது. என்ன சொல்லுதீங்க?

கோவை_ஃப்ரேம்:

காசு 35,000-தான் இருக்குன்னா அந்த அண்ணன் சொல்றதுதாங்க சரி, நானே அதத்தான் சொல்லிருப்பேன். 5600ஜி-ல உள்ளயே இருக்கற கிராபிக்ஸ்ல வேலரண்ட் நல்லா ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்ஸ கொறைச்சு ஓட்டலாம். ஆனா ரெட் டெட் 2-வ அதுல பாக்கறதுக்கு யூட்யூப்லயே பாத்துரலாங்க. உங்க ஃப்ரெண்டு எதுக்காக இவ்வளவு வருஷம் காத்திருந்தாரு? அந்த கேமுக்காகத்தான? காச கைல வச்சிக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் காத்திருன்னு சொல்ல வேண்டாங்க.

ப்ராசஸர் விஷயத்துல நிலா சொல்றத நான் ஒத்துக்கறேன், 5600-க்கே போங்க. ராம் வாங்கறப்ப 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா மட்டும் வாங்கிராதீங்க, 8-ம் 8-மா ரெண்டு. ரெண்டு பக்கமும் வழி தொறந்தாத்தான் ப்ராசஸர்க்கு முழு வேகம் கெடைக்கும். நாலு ஸ்லாட் இருந்தா ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடுங்க.

மதுரை_மல்டிமீட்டர்:

இப்ப என் பாட்டுக்கு வர்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க தம்பி.

பதினாலு வருஷமா சர்வீஸ் பாக்கறேன். என் டேபிளுக்கு செத்து வர்ற கம்ப்யூட்டர்ல கேபினட்டோட ஃப்ரீயா வந்த எஸ்எம்பிஎஸ்தான் அதிகம். மேல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், கைல தூக்குனா வெறும் டப்பா மாதிரி லேசா இருக்கும், தொறந்தா உள்ள பாதி பார்ட்ஸ் போட எடம் மட்டும் விட்டிருப்பாங்க. அது தனியா போனா கூட பரவால்ல, போறப்ப போர்டையோ கார்டையோ கூட்டிக்கிட்டு போகும். போன வருஷம் ஒரு காலேஜ் பையன், 25,000-க்கு கார்டு வாங்கிட்டு எஸ்எம்பிஎஸ்ல 2,500 மிச்சம் பிடிச்சான், ஒரு மழை நாள்ல கரண்டு போயி போயி வந்ததுல ரெண்டும் சேந்து போச்சு, அந்தப் பையன் மூஞ்சி இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட்ஸ் போதும்னுதான் ஏஎம்டியே சொல்லுது, அதனால 650, 750-ன்னு போக வேண்டாம், ஆனா அந்த 550 நல்ல கம்பெனியோடதா, அஞ்சு வருஷ வாரண்டி இருக்கறதா பாருங்க. 80 ப்ளஸ் ப்ரான்ஸ்ங்கறது கரண்டு எவ்வளவு வீணாகாம குடுக்குதுங்கற கணக்கு மட்டும்தான், அது மட்டும் இருந்தா நல்ல சரக்குன்னு அர்த்தம் இல்ல. வாரண்டி எத்தன வருஷம்னு பாருங்க, ஒரு கம்பெனி தன் பொருள எவ்வளவு நம்புதுன்னு அதுலயே தெரிஞ்சிரும்.

அடுத்தது யூபிஎஸ். 600 விஏ யூபிஎஸ்னா 360 வாட்ஸ்தான் தாங்கும். இந்த சிஸ்டம் கேம் ஓடறப்ப மானிட்டரோட சேத்து 300 கிட்ட வந்துரும், கரண்டு போன செகண்ட்ல அது திணறி படக்குனு ஆஃப் ஆகவும் வாய்ப்பிருக்கு. 1000 விஏ, 600 வாட்ஸ் வாங்குங்க. இந்த பட்ஜெட்ல இப்ப இடம் இல்லேன்னா அடுத்த சம்பளத்துல மொத வேலையா அத வாங்கணும், அதுவரைக்கும் இடி மின்னல்னா ப்ளக்க கையால புடுங்கி வச்சிருங்க.

இதெல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு. உங்க ஃப்ரெண்டு வீடு பழைய வீடா? ப்ளக் பாயிண்ட்ல மூணாவது ஓட்டைக்கு எர்த் ஒயர் வந்திருக்கான்னு ஒரு எலக்ட்ரீசியன கூட்டி வந்து பாத்திருங்க. நம்ம ஊர்ல பாதி வீட்ல மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி எர்த் ஒயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ் உள்ள ஒயர்ல வர்ற எரைச்சல வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் பாடிக்கு கனெக்ட் ஆகிருக்கும், எர்த் இல்லேன்னா அந்த கரண்டுக்கு போக வழி இல்லாம கேபினட்லயே நிக்கும், 230 வோல்ட்ல பாதி, 115 கிட்ட மீட்டர்ல காட்டும். தொட்டா சுர்ருனு இழுக்கும். கரண்டு கம்மிதான், ஆள அடிக்காது, ஆனா பென்டிரைவ், எச்டிஎம்ஐ ஒயர் சொருகுறப்ப போர்ட்டு போறதுக்கு இது ஒரு காரணம். கம்ப்யூட்டர் பழுதுன்னு என்கிட்ட தூக்கிட்டு வருவாங்க, இங்க ஓட்டுனா நல்லா ஓடும், வீட்டுக்கு போனா மறுபடி ஷாக் அடிக்கும். பழுது கம்ப்யூட்டர்ல இல்ல, சொவத்துல.

கரிசல்_மாரி:

அண்ணா நீங்க சொன்னது அப்படியே நூத்துக்கு நூறு உண்மை. ஞாயித்துக்கிழமை எலக்ட்ரீசியன கூட்டிட்டுப் போனோம், அவன் ரூம்ல எர்த் ஒயரே இல்ல, மிக்ஸி தொட்டா ஷாக் அடிக்குன்னு அவங்க அம்மா ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம், யாரும் காதுல வாங்கல. மீட்டர் பெட்டில இருந்து ஒயர் இழுத்து அடுக்களைக்கும் சேத்து போட்டாச்சு, கூலியோட 1,100 ஆச்சு. அவங்க அம்மா எனக்கு கையெடுத்து கும்பிட்டாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அந்த கும்பிடு உங்களுக்கு சேர வேண்டியது அண்ணா.

சென்னைக்கே போய் வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டோம், சிவகாசில பொதிகை ஏறுனா காலைல எழும்பூர்ல எறங்கிரலாம். ரிச்சி தெரு பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நிலா_பில்ட்ஸ்:

எழும்பூர்ல இருந்து ரிச்சி தெரு பக்கம்தான், ஆட்டோல பத்து நிமிஷம். ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, முக்கால்வாசி கடை மூடியிருக்கும். தெரு முனைலயே "என்ன வேணும் ப்ரோ, லேப்டாப்பா டெஸ்க்டாப்பா"ன்னு கைய பிடிச்சு கூப்பிடுவாங்க, நிக்காம உள்ள போங்க. லிஸ்ட்ட பேப்பர்ல மாடல் நம்பரோட எழுதிக்கோங்க, மூணு கடைல அதே பேப்பர குடுத்து மொத்த ரேட் எழுதி வாங்குங்க, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா பேரம் பேசறத விட மொத்தமா கேட்டாத்தான் எறங்கி வருவாங்க. "அது ஸ்டாக் இல்ல, இது அதவிட பெட்டர்"ன்னு ஏதாவது மாத்தினா உடனே தலையாட்டாதீங்க, வெளிய வந்து இங்க போஸ்ட் போடுங்க, நான் அன்னிக்கு லீவுதான், பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்துத்தான் ரேட் கேக்கணும், இல்லேன்னா கடைசில பில் போடறப்ப 60,000 எழுபதாயிரம் ஆகும். பில் வேண்டாம்னா கம்மி பண்றேன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, பில் இல்லேன்னா வாரண்டி இல்ல. கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் மூணுக்கும் சீரியல் நம்பர் பில்ல இருக்கணும். அசெம்பிள் அங்கயே பண்ணி ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஊருக்கு கொண்டு போறப்ப கிராபிக்ஸ் கார்ட மட்டும் கழட்டி அதோட டப்பாவுல தனியா வச்சிருங்க, ட்ரெயின்ல ஆடுற ஆட்டத்துல அந்த கனம் தொங்கி ஸ்லாட்ட ஒடைச்சிரும்.

கரிசல்_மாரி:

வாங்கியாச்சு! மொத கடைல 62,500 சொன்னாங்க, ரெண்டாவது கடைல 5600-க்கு பதிலா 5500 வச்சுக்கோங்க ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க, கேஷ் எவ்வளவுன்னு கேட்டேன், அதுக்கப்புறம் மரியாதையா பேசுனாங்க. மூணாவது கடைல பாக்ஸ் ப்ராசஸரோட, சீரியல் நம்பர் எல்லாம் போட்ட பில்லோட 59,400-க்கு முடிஞ்சுது. பயாஸும் அவங்களே அப்டேட் பண்ணி ஆன் பண்ணிக் காட்டிட்டாங்க. திரும்பி வரும்போது ட்ரெயின்ல அவன் கேபினட்ட சீட்டுக்கு கீழ வைக்கவே இல்ல, பக்கத்துல கைப்புள்ள மாதிரி ஒக்கார வச்சு ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்தான்.

வீட்ல மாட்டி ஜிடிஏ நல்லா ஓடுது. வேலரண்ட் மட்டும் தொறந்தா வேன் 9003-ன்னு ஒரு எர்ரர் காட்டி மூடிருது. என்ன பண்ணணும்?

கோவை_ஃப்ரேம்:

வாழ்த்துக்கள்ங்ணா, ரொம்ப சந்தோஷம். அது ஒண்ணும் இல்லீங்க, விண்டோஸ் 11-ல வேலரண்டுக்கு செக்யூர் பூட் (ஆன் ஆகறப்ப நம்பகமான சாஃப்ட்வேர்தானான்னு பாக்கறது) ஆன்ல இருக்கணும், டிபிஎம்-ங்கற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். மொதல்ல டிஸ்க் மேனேஜ்மெண்ட் போயி டிஸ்க்க பிரிச்ச முறை புது ஜிபிடி-யா பழைய எம்பிஆர்-ஆன்னு பாருங்க, ஜிபிடி-யா இருந்தா பயாஸ்ல போய் சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப் பண்ணி செக்யூர் பூட் ஆன் பண்ணுங்க, எஃப்டிபிஎம் (ஏஎம்டி ப்ராசஸர்ல வர்ற டிபிஎம்) ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. எம்பிஆர்-ஆ இருந்தா மாத்தாதீங்க, விண்டோஸ் பூட் ஆகாது, இங்க சொல்லுங்க வேற வழி சொல்றேன். பயாஸ்ல இருக்கறப்பவே ராமுக்கு எக்ஸ்எம்பிய (ராமோட முழு வேக செட்டிங்) ஆன் பண்ணிருங்க, நெறைய ராம் அது இல்லாம 2400-லயோ 2666-லயோ ஓடும், 3200-க்கு காசு குடுத்துட்டு அத விட்டுறக் கூடாது.

கரிசல்_மாரி:

ஜிபிடி-தான் இருந்துச்சு, வீடியோ கால்ல அவன் பண்ணப் பண்ண நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்ப வேலரண்ட் ஓடுது, ராமும் 3200 காட்டுது. நேத்து ராத்திரி ரெட் டெட் டவுன்லோடு முடிஞ்சுருக்கு, காலியா வைக்கச் சொன்ன 150 ஜிபி எடம் அதுக்கே போயிருச்சு, ரெண்டு நாள் ஆச்சு டவுன்லோடு ஆக. மொத காட்சில பனி மலைல குதிரைல போறாங்கல்ல, அத போன்ல காட்டிக்கிட்டே இருந்தான், ஒண்ணுமே பேசல, நானும் பேசல. அடுத்த மாசம் சம்பளத்துல யூபிஎஸ், அவனே சொல்லிட்டான். பத்திரிக்கை டிசைன் ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கான், பக்கத்து தெரு கல்யாணம்.

மதுரை_மல்டிமீட்டர்:

நல்லது தம்பி. கேபினட்ட தொட்டா இப்ப ஷாக் இல்லையே?

கரிசல்_மாரி:

சுத்தமா இல்ல அண்ணா. மிக்ஸியும் அடிக்கல.

நிலா_பில்ட்ஸ்:

ஒரு சின்ன விஷயம், மானிட்டர் ஒயர் போர்டுல இல்லாம கிராபிக்ஸ் கார்டுல சொருகிருக்கீங்கன்னு நம்புறேன், 5600-க்கு உள்ள கிராபிக்ஸ் இல்லாததால இல்லேன்னா படமே வந்திருக்காது. ஆனா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெஃப்ரெஷ் ரேட்ட (செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கறது) 100-க்கு மாத்துனீங்களா? தானா 60-லதான் நிக்கும்.

கரிசல்_மாரி:

ஐயோ மாத்தல. அவன் இப்ப ஷிப்ட்ல இருப்பான், ராத்திரி பத்து மணிக்கு வந்ததும் போன் பண்ணி சொல்லுதேன்.